நாங்கள் தின்ற நிலம்

"பெரியவாப்பா, எங்க வாப்பாவோட நிலத்தைப் பிரிச்சுக் குடுங்க."

இவ்வளவுதான் சொன்னேன். கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. எலுமிச்சம்பழத்தை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்று கேட்கிற குரலில்தான் கேட்டேன். ஆனாலும் பெரியும்மா நயீமாவின் கையிலிருந்த நண்டுக்கால் தட்டில் விழுந்தது. என் தங்கை ஷாதியா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியவாப்பாவின் மகன் கினாவி மெல்லுவதை நிறுத்தினான். அவன் மெல்லுவதை நிறுத்தி நான் அதுவரை பார்த்ததில்லை.

உம்மா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். சதை பிய்ந்துவிடும் போல.

இதைக் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அவள் என்னை வளர்த்தாள். படி, கல்லூரிக்குப் போ, வேலைக்குக்கூடப் போ. நிலத்தைப் பற்றி மட்டும் பெரியவாப்பாவிடம் வாயைத் திறக்காதே. நைல் கரையில் எங்கள் சோஹாக் பக்கத்துப் பெண்கள் நிலம் கேட்பதில்லை. மார்க்கத்தில் எங்களுக்குப் பங்கு இருக்கிறது, சட்டத்திலும் இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போய்வந்த மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். ஊருக்கே தெரியும். இருந்தாலும் கேட்கிறவளைக் குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்தவள் என்பார்கள். அவளைப் பெண் கேட்டு ஒருத்தன் வரமாட்டான்.

வாப்பா இறந்தபோது நாங்கள் இரண்டு பெண்கள், உம்மா ஒருத்தி. ஆண்பிள்ளை கிடையாது. கால்வாய்க்கரையில் இருந்த வாப்பாவின் வயலை, "உங்களுக்காக நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிப் பெரியவாப்பா ஷாஸ்லி எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். வருஷாவருஷம் கரும்பையே போட்டு மண்ணைச் சக்கையாக்கிவிட்டார். பெருநாளைக்கு எங்களுக்குத் துணி எடுத்துத் தருவார். ஒரு மூட்டை கோதுமை வரும். உம்மா அவர் கையை முத்தமிடுவாள்.

நான் வேளாண்மை படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எங்கள் நாட்டில் வேளாண்மை படித்தவர்களையும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த இன்ஜினியர் சோஹாக் டவுனில் ஒரு விதைக்கடையில் நின்று, அடுத்தவன் வயலுக்கு விதை நிறுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்தக் கால்வாய்க்கரை மண் வேண்டும். விற்பதற்கு அல்ல. மாதுளை வைக்க வேண்டும். செடி காய்ப்புக்கு வரும்வரை ஊடே வெங்காயம் போடலாம். முதலில் ஒரு பருவம் தீவனப்புல் விதைத்து மண்ணைத் தேற்ற வேண்டும். இதையெல்லாம் மனசுக்குள்ளே நட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், எத்தனையோ காலமாக.

அப்படியென்றால் இத்தனை நாள் கேட்காததை இப்போது ஏன் கேட்டாய், அதுவும் விடுமுறைக்கு வந்த இடத்தில், மீன் தட்டுகளுக்கு நடுவில் என்று கேட்பீர்கள். பெரியவாப்பா நல்லவராகிவிட்டார் என்று நான் நம்பிவிட்டேன். அதுதான் காரணம்.

கோதுமை அறுப்பு முடிந்து, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "கிளம்புங்க, எல்லாரும் அலெக்சாந்திரியாவுக்குப் போறோம். கடல் பாத்துட்டு வருவோம்" என்றார். எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம். கடையில் லீவு கிடைக்காது, நீங்கள் போய்வாருங்கள் என்றேன். அவரே கடை முதலாளிக்குப் போன் போட்டார்.

"தஹானி இல்லாம எப்படி? அவ வரலைன்னா இந்தப் பயணமே கிடையாது."

இதை என் காதுபடச் சொன்னார். எனக்குள் ஏதோ இளகியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்பன் இல்லாத பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை போதும்.

வாடகை வேனில் கிளம்பினோம். உம்மா இரண்டு துணிப்பை நிறைய வெயிலில் பொங்கவைத்துச் சுட்ட ரொட்டியும், வறுத்த வாத்தும் எடுத்து வந்தாள். "கடலுக்குப் போறோமா, போருக்குப் போறோமா?" என்று கினாவி கேட்டான். வேன் கெய்ரோவைத் தாண்டுவதற்குள் வாத்தில் பாதியை அவனே முடித்தான்.

அஸாஃப்ரா என்கிற பகுதியில், கடலிலிருந்து நாலைந்து சந்து தள்ளி ஒரு வீடு. அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் மஹ்ரூஸ் எங்கள் ஊர்க்காரர். பெரியவாப்பாவோடு சின்ன வயதில் ஒன்றாகக் கால்வாயில் குதித்தவர். அவர்தான் வீடு பிடித்துக் கொடுத்தார். "கடல் தெரியும் ஹாஜியாரே" என்று சொல்லியிருந்தார். தெரிந்தது. பால்கனிக் கம்பியில் வயிற்றை அழுத்திக் கழுத்தை வளைத்தால், இரண்டு கட்டடத்துக்கு நடுவில் ஒரு துண்டு நீலம்.

ஆனால் உம்மா கடலைப் பார்த்த விதத்தை நான் சொல்லத்தான் வேண்டும். கறுப்பு அங்கியோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் வந்து தொடுகிற இடத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அலை மடிக்கு ஏறியது. சிரித்தாள். உம்மாவுக்குக் கடைவாய்ப் பல் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவ்வளவு பெரிதாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஏ ஸனிய்யா! எந்திரிடி. இந்தக் கடற்கரைக்காரன் எல்லாம் பாக்கறான்" என்று பெரியும்மா குடைக்கு அடியிலிருந்து கத்தினாள்.

"பாத்தா பாக்கட்டும். அவன் தினம் பாக்கற கடல்தானே. நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மணலில் ஃப்ரெஸ்கா விற்கிறவன் வந்தான். மெல்லிய பிஸ்கட் தட்டு இரண்டு, நடுவில் தேனும் கடலையும். பெரியவாப்பா கண்ணாடிப் பெட்டியையே இறக்கச் சொன்னார். "ஸனிய்யா, நீ எடு. உனக்குப் பிடிச்சதை எடு." உம்மா எடுத்தாள். "மனசு நிறைஞ்சுதா?" "நிறைஞ்சுது ஹாஜியாரே. அல்லா உங்களுக்குக் குறைவில்லாம குடுக்கட்டும்."

காலையில் ஈரல். பூண்டும் பச்சை மிளகாயும் போட்டுக் கல்லில் பொரித்து, சின்ன ரொட்டியில் திணித்துத் தருகிற தள்ளுவண்டி. மாலையில் கடற்கரைச் சாலையில் சுட்ட சோளம். எதை வாங்கினாலும் முதலில் உம்மா. எதைத் தின்றாலும் கடைசியில் அந்தக் கேள்வி. "மனசு நிறைஞ்சுதா?" எங்கே போனாலும் மஹ்ரூஸும் கூடவே வந்தார். ஊர்க்காரன் வழிகாட்ட வருகிறான் என்று நினைத்தேன். வழி தெரியாத ஊரில் வழி காட்ட ஆள் வேண்டாமா?

அன்ஃபூஷி மீன் சந்தைக்குப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாங்கள் நைல் நதி ஜிலேபிக் கெண்டையைத் தவிர வேறு மீன் தின்றதில்லை. அங்கே பனிக்கட்டி மேல் மடவை, கொடுவா, கணவாய், நண்டு, பெயர் தெரியாத சிவப்பு மீன். எங்கள் பேச்சைக் கேட்டதுமே கடைக்காரன் கண்டுபிடித்துவிட்டான்.

"வாங்க, தெக்கத்தி மக்களே! ஆத்து மீன் தின்னு நாக்குல பாசி பிடிச்சிருக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்க, கல்யாணப் பொண்ணு கன்னம்!"

"கண்ணு ஏன்யா இப்படி முழிக்குது?" கினாவி.

"உங்களைப் பாத்துத்தான் தம்பி. கடலுக்குள்ள இந்த மாதிரி மூஞ்சி கிடையாது."

"இவன் இவ்வளவு பேசறான்னா மீன் நேத்து மீன்" என்றாள் பெரியும்மா.

பெரியவாப்பா கையை உயர்த்தினார். "ஸனிய்யா சொல்லட்டும். அவ கை வைக்கிறதுதான் மீன்."

"தம்பி சம்சாரத்துக்கு இம்புட்டு மரியாதையா? எங்க ஊர்ல பெத்த தாய்க்கே கிடையாதே" என்று மீன்காரன் வியந்தான்.

"கேட்டுக்க மஹ்ரூஸ்" என்றார் பெரியவாப்பா. "மனசார எடுத்துக்கிறா. யாரும் கட்டாயப்படுத்தல."

எவ்வளவு வெளிப்படையாகச் சொன்னார் பாருங்கள். மீன் வாங்குகிற இடத்தில் எதற்குக் கட்டாயம் என்கிற பேச்சு? நான் யோசிக்கவில்லை. உம்மா கொடுவா மீனின் வாலைத் தொட்டுவிட்டு, ஈரமான விரலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த சாயங்காலம் மொட்டைமாடியில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். மஹ்ரூஸின் மனைவி இறால் பொரித்து அனுப்பியிருந்தாள். பக்கத்துக் கட்டட வாட்ச்மேனையும் மஹ்ரூஸ் அழைத்து வந்திருந்தார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான். சூரியன் கடலில் விழுகிற நேரம். காற்றில் உப்பு. நான் இறாலை ஓடு உரிக்க உரிக்கத் தின்றுகொண்டிருந்தேன், வெட்கமே இல்லாமல். அப்போது பெரியவாப்பா என் பக்கம் திரும்பினார்.

"தஹானி, நீ சொல்லும்மா. உன் மனசு நிறைஞ்சுதா? எங்கிட்ட இன்னும் ஏதாவது உனக்கு வரணுமா?"

உம்மா முழங்கையால் என் விலாவில் இடித்தாள். "சொல்லுடி. பெரியவாப்பா கேக்கறார்ல."

"நிறைஞ்சுது பெரியவாப்பா. இதுக்கு மேல என்ன வேணும் எனக்கு?" என்றேன், வாய் நிறைய இறாலோடு.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மஹ்ரூஸ். ஆண்கள் எல்லாரும் கையேந்தி முணுமுணுத்துவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஓதுகிற துஆ என்று நினைத்து நானும் கையேந்தினேன். நானும் முகத்தைத் தடவிக்கொண்டேன். என் விரல்களில் இறால் வாசனை அடித்தது.

கடைசி நாள் மத்தியானம் கடற்கரை ஓரம் ஒரு மீன் கடையில் விருந்து. நாளைக் காலை ஊருக்குத் திரும்ப வேண்டும். தவிட்டில் புரட்டிக் கரியில் சுட்ட மடவை வந்தது. வயிற்றைப் பிளந்து தக்காளியும் பூண்டும் அடைத்து அடுப்பில் வேகவைத்த கொடுவா வந்தது. வெங்காயத்தைக் கருக வறுத்து அந்தச் சாற்றிலேயே வேகவைத்த பழுப்புச் சோறு. எலுமிச்சை பிழிந்த மட்டி. பெரியவாப்பா உம்மாவின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மீனைப் பிரித்து, முள்ளை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, வெறும் சதையை அவள் பக்கம் தள்ளினார்.

அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தைரியம் வந்தது. தம்பி பொண்டாட்டிக்கு முள் எடுத்துக் கொடுக்கிற மனிதர், கேட்டால் கொடுப்பார். கேட்காததுதான் இத்தனை நாள் தப்பு. அப்படித்தான் கேட்டேன்.

பெரியவாப்பா கோபப்படவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"எந்த நிலம்மா?"

"கால்வாய்க்கரை நிலம்."

"அது முடிஞ்சு போச்சே."

"என்ன முடிஞ்சுது?"

அவர் என்னைப் பார்க்காமல் உம்மாவைப் பார்த்தார். "ஸனிய்யா, புள்ளைகிட்ட நீ சொல்லலியா?"

மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்த மஹ்ரூஸ்தான் தொண்டையைச் செருமினார். "ஃபாத்திஹா ஓதியாச்சேம்மா. ஊர்லயே ஒரு தடவை, உங்க உம்மாவுக்காக. இங்க மொட்டைமாடியில உனக்காக. நான் சாட்சி, பக்கத்து வாட்ச்மேன் சாட்சி. நீயும் கையேந்தினியே."

எங்கள் பக்கத்தில் அதற்கு ரத்வா என்று பெயர். நிலம் கொடுக்க மனமில்லாத ஆண்கள், கேட்கத் துணியாத பெண்களுக்கு எதையாவது கொடுத்து மனசைக் குளிரவைப்பார்கள். ஒருத்திக்கு ஒரு ஜோடி வளையல். இன்னொருத்திக்கு ஒரு எருமை. அவள் சாட்சிகளுக்கு முன்னால் மனசு நிறைந்தது என்று சொல்லவேண்டும், பேச்சு உறுதியானதற்கு அடையாளமாக ஃபாத்திஹா ஓதவேண்டும். அவ்வளவுதான். அதற்குமேல் அவளோ அவள் பிள்ளைகளோ அந்த வரப்பில் கால் வைக்க முடியாது. வளையல் கேள்விப்பட்டிருக்கிறேன். எருமை கேள்விப்பட்டிருக்கிறேன். கடல் கேள்விப்பட்டதில்லை.

"இந்தப் பயணமா?" என்றேன். "இதுவா ரத்வா?"

"நான் ஒண்ணும் திணிக்கல. என்ன வேணும்னு உங்க உம்மாகிட்ட கேட்டேன். அவதான் சொன்னா" என்றார் பெரியவாப்பா.

நான் உம்மாவைப் பார்த்தேன். முள் எடுத்த மீனை அவள் விரலால் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நான்தான் கேட்டேன்" என்றாள். "கடலைப் பாக்கணும்னு சொன்னேன். உங்க ரெண்டு பேரோட. உங்க வாப்பா கூட்டிட்டுப் போறேன் கூட்டிட்டுப் போறேன்னே சொல்லிட்டுப் போய்ச் சேந்துட்டார்."

"ஒரு எருமையாவது கேட்டிருக்கலாமே உம்மா! பாலாவது மிஞ்சியிருக்கும்."

"எருமைக்குப் புல்லு அறுத்து அறுத்துத்தாண்டி இந்தக் கை இப்படி ஆச்சு." கையை விரித்துக் காட்டினாள். "எப்படியும் அவர் குடுக்கப்போறதில்ல. குடுக்காத நிலத்துக்குப் பதிலா எனக்குன்னு ஒண்ணு கேட்டேன். பொறந்ததுலேருந்து ஒரே ஒரு தடவை."

இதைச் சொன்னபோது அவள் அழுதிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். அவள் அழவில்லை. நியாயத்தைச் சொல்கிறவளாகச் சொன்னாள்.

"சரி. அது உன் பங்கு. நீ கடலைக் கேட்டே, வாங்கிக்கிட்டே. என் பங்கு? அதை யார் விட்டது?"

"நீதான்" என்றார் பெரியவாப்பா பொறுமையாக. "எங்கிட்ட இன்னும் ஏதாவது உனக்கு வரணுமான்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். என்ன சொன்னே?"

பெரியும்மா சிரித்தேவிட்டாள். "வக்கணையா தின்னா. ஏப்பம் விட்டா. இப்போ விருந்து போட்டவன் மடியில கை வைக்கிறா. படிச்ச புள்ளைன்னா இப்படித்தான் போல."

"இன்ஜினியரம்மா" என்றான் கினாவி, "கொஞ்சம் கணக்குப் போட்டுச் சொல்லுங்க. நண்டுக்கு எத்தனை வரப்பு போச்சு? கணவாய்க்கு எத்தனை வாய்க்கால்?"

சுற்றியிருந்த மேசைகளில் குடும்பம் குடும்பமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். யாரோ நண்டை உடைக்கிற சத்தம். என் மாதுளை வரிசைகளை நானே கடித்து மென்று விழுங்கியிருக்கிறேன். ஈரலில் ஒரு பாத்தி. ஃப்ரெஸ்காவில் கால்வாய் மதகு. அந்த வாரம் முழுக்க, பிரமாதம் பிரமாதம் என்று சொல்லிச் சொல்லி.

ஆனால் எனக்கு அதுகூட வலிக்கவில்லை. மொட்டைமாடியில் என் விலாவில் பட்ட முழங்கைதான் இப்போது வலித்தது.

"உம்மா, அன்னிக்கு என்னை இடிச்சியே. சொல்லுடி சொல்லுடின்னு. என்னத்துக்குக் கேக்கறார்னு தெரிஞ்சா இடிச்சே?"

அவள் இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். பொய்யாகவாவது.

"தெரிஞ்சுதான்."

"ஷாதியா, உனக்கு?"

என் தங்கைக்கும் கினாவிக்கும் நிச்சயமாகியிருந்தது. அவள் முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "உங்கிட்ட சொன்னா நீ வரமாட்டேன்னு உம்மா சொன்னாங்க அக்கா. நீ வரலைன்னா யாரும் போக முடியாதுன்னு பெரியவாப்பா சொல்லிட்டார். உம்மா எவ்வளவு ஆசைப்பட்டாங்க தெரியுமா? நீதான் பாத்தியே, அன்னிக்குத் தண்ணியில உக்காந்து எப்படிச் சிரிச்சாங்க."

பார்த்தேன். அந்தச் சிரிப்பை என் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் கடைவாய்ப் பல் இல்லாத அந்த இடம் மட்டும்தான் தெரிகிறது.

ஆக, தஹானி இல்லாமல் எப்படி என்று அவர் சொன்னது உண்மைதான். நான் இல்லாமல் எதுவும் நடக்காது. கையெழுத்துப் போட வேண்டிய ஆளைத்தான் முதலில் வண்டியில் ஏற்றவேண்டும். என் கையெழுத்தை இறால் வாசனையோடு என் முகத்திலேயே தடவிவிட்டார்கள்.

"பெரியவாப்பா, நான் நிறைஞ்சுதுன்னு சொன்னது இறாலுக்கு" என்றேன். "இதை நீதிபதிகிட்ட வந்து நீங்களே சொல்லுங்க. இந்தப் பொண்ணு வாய் நிறைய இறாலை வச்சுக்கிட்டு நிலத்தை விட்டுக் குடுத்தான்னு சொல்லுங்க. அவர் என்ன சொல்றார்னு நான் பாக்கணும்."

நீதிபதி என்ற சொல் விழுந்ததும் அவர் முகத்திலிருந்த பொறுமை போய்விட்டது. அதற்கு அடியில் இருந்த முகம் எனக்குப் பழக்கமானதுதான். ஒரு வாரமாகப் பார்க்காமல் மறந்திருந்தேன்.

"ஸனிய்யா" என்றார். என்னிடம் பேசவில்லை. "உன் பொண்ணு கோர்ட் வாசலை மிதிச்சான்னா ஷாதியாவோட நிச்சயம் கிடையாது. அப்புறம் உன் வீட்டு வாசல்ல நல்லதுக்கும் கெட்டதுக்கும் நான் வந்து உக்கார மாட்டேன். யோசிச்சுக்க."

"அக்கா, வேணாம்" என்றாள் ஷாதியா. கினாவி அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. ரொட்டியைக் கிழித்து எள் சாந்தில் தோய்த்துக்கொண்டிருந்தான். தன் கல்யாணம் நிற்பதைப் பற்றி அப்பன் பேசும்போது தோய்த்துத் தின்கிறவன். அவளிடம் அவனைக் காட்ட வேண்டும் போலிருந்தது. அவளுக்குக் கண் இருக்கிறது, அவளே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அந்த நிலத்தை எனக்குக் குத்தகைக்காவது விடுங்க பெரியவாப்பா" என்று கேட்க ஒரு நொடி வாய் வரை வந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும். வெட்கங்கெட்ட வாய். மூடிக்கொண்டேன்.

உம்மா என் கையைப் பிடித்தாள். நான் எழுந்திருக்கப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பெற்றவள் இல்லையா.

"தஹானி, கேளு. கோர்ட்ல என்னைக் கூப்பிட்டு விசாரிச்சா நான் அவர் பக்கம்தான் சொல்லுவேன். எம்பொண்ணு ஒத்துக்கிட்டான்னு சொல்லுவேன். இப்பவே சொல்லிடறேன், அப்புறம் உம்மா ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதே."

"இனிமே நினைக்கறதுக்கு என்ன உம்மா இருக்கு?"

"எனக்கு இன்னொரு பொண்ணு இருக்குடி."

"இருக்கா. அவளையாவது சொல்லிட்டு வித்துக்கோ."

அவள் கை தளர்ந்தது. அறைந்திருக்கலாம். அறையவில்லை. நான் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். வாடகை வீட்டில் என் துணிப்பெட்டி இருக்கிறது, இருக்கட்டும். சோஹாக் போய் இறங்கியதும் எங்கே போகவேண்டும் என்று எனக்குத் தெரியும். கடைத்தெருவில் மாடியில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறார். எங்கள் கடையில் மல்லிகைச் செடிக்கு உரம் வாங்குகிறவர். அவர் பெயர்ப்பலகைக்குக் கீழே எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். நிமிர்ந்து படிக்கப் பயந்து வேகமாக நடந்திருக்கிறேன்.

மஹ்ரூஸ் பாதி எழுந்து வழியை மறித்தார். "உக்காரும்மா. பொம்பளைப் புள்ள தனியா எங்க போவே? ஊரு என்ன பேசும்?"

"ஊருக்குப் போய்த்தான் பேசப்போறேன், சாட்சிக்காரரே. நீங்களும் வரவேண்டியிருக்கும். நல்ல சட்டையா எடுத்து வைங்க."

அவர் உட்கார்ந்தார்.

"திமிரைப் பாரு" என்றாள் பெரியும்மா. பெரியவாப்பா கடைக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு தட்டு சோறு கொண்டுவரச் சொன்னார். எனக்குக் கேட்கும்படிச் சொன்னார்.

நான் நாற்காலிகளுக்கு நடுவில் வாசலை நோக்கி நடந்தேன். ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது, வாயெல்லாம் சோறு. பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது. கோபம் இல்லை அதில், கெஞ்சலும் இல்லை. வீட்டில் தினமும் கேட்கிற குரல்.

"தட்டுல மீன் அப்படியே இருக்கு தஹானி. சாப்பிட்டுட்டாவது போ."

திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். திரும்பவில்லை. கதவைத் தள்ளினேன். வெளியே வெயிலில் மைக்ரோபஸ்கள் கத்திக்கொண்டு போயின. ரயில் நிலையத்துக்குப் போகிற வண்டிக்குக் கையை நீட்டிக்கொண்டே சாலையில் இறங்கினேன்.